எட்டு மணிக்கு நாலு பேர், கையில் இரண்டு போன்: எந்த ஒன்லைன் ஆர்பிஜி?

கேட்கப்பட்டது இதுதான். பலர் ஒரே உலகத்தில் ஆளுக்கொரு பாத்திரத்தை வளர்க்கும் கேம், அதாவது ஒன்லைன் ஆர்பிஜி, ஆட நாலு நண்பர்கள், மூவர் கல்முனையில், ஒருவர் கல்லடியில். ஒருவரிடம் நல்ல கேமிங் பிசி, ஒருவரிடம் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத 8 ஜிபி லெப்டொப், மற்ற இருவரிடம் போன் மட்டும். இரண்டு வீட்டில் பைபர், இரண்டு வீட்டில் 4ஜி ரவுட்டர். இரவு எட்டிலிருந்து பத்து வரைதான் நேரம். மாதம் தலைக்கு 1,500 ரூபாய்க்கு மேல் செலவழிக்க வழியில்லை. வோர்கிராஃப்ட், பைனல் ஃபேண்டசி 14, கில்ட் வோர்ஸ் 2, ரூன்ஸ்கேப், அல்பியன் ஆகிய ஐந்தில் எது நல்லது?

நாலு பேரும் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடுவதென்றால் அந்த இரண்டு போன்களே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகின்றன. ஐந்தில் போனிலும் பிசியிலும் ஒரே கணக்கு, ஒரே பாத்திரம், ஒரே சேர்வர் என்று ஓடுபவை இரண்டுதான்: அல்பியன் ஒன்லைன், ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். மற்ற மூன்றும் போனில் அப்படி ஓடாது. ஆனால் "எது நல்லது" என்று பொதுவாகவும் கேட்டிருப்பதால் ஐந்தையும் பார்த்துவிடுவோம். யூடியூபில் இந்த ஒப்பீடுகளைச் செய்பவர்கள் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருந்து பேசுகிறார்கள். இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் இருந்து ஆடுகிறவருக்கு கிராபிக்ஸை விட மூன்று விஷயம் முக்கியம்: சேர்வர் எவ்வளவு தூரம், அந்த கேமின் உள்கடிகாரம் எவ்வளவு வேகம், நம் எட்டு மணி அங்கே எத்தனை மணி.

தூரத்தை முதலில் எடுப்போம். பைபர் கம்பியில் ஒளி ஒரு மில்லிசெகண்டுக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். போய்வர ஆகக் குறைந்தது 27 மில்லிசெகண்ட். லண்டன் சுமார் 8,700 கிலோமீற்றர். ஆகக் குறைந்தது 87. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் ரவுட்டர்கள் பல இருக்கின்றன. அதனால் நீங்கள் காணும் பிங் (கட்டளை சேர்வருக்குப் போய்வரும் நேரம், மில்லிசெகண்டில்) இந்தக் கணக்கின் இரு மடங்குக்குக் கிட்ட நிற்கும். நாட்டுக்கு வரும் கேபிள்கள் மேற்கிலும் தெற்கிலும்தான் கரையேறுகின்றன. ஆகவே மட்டக்களப்பிலிருந்து போகும் ஒவ்வொரு கட்டளையும் முதலில் நாட்டைக் குறுக்கே கடந்துதான் கடலுக்குள் இறங்கும். ஐரோப்பாவுக்குப் போகிற பாதைகளில் பெரும்பாலானவை செங்கடல் வழியே போகின்றன. 2025 செப்டெம்பரில் அங்கே கேபிள்கள் அறுந்தபோது தெற்காசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கான இணைப்புகள் நாட்கணக்கில் மந்தமாகின. அப்படியான நாளில் ரவுட்டரை எத்தனை தரம் நிறுத்திப் போட்டாலும் ஒன்றும் ஆகாது.

கடிகாரம் என்பது இது. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பின் சேர்வர் 0.6 செகண்டுக்கு ஒருமுறைதான் எல்லோருடைய கட்டளைகளையும் நிறைவேற்றும். கேட்ட ஐந்தில் இல்லாத ஈவ் ஒன்லைனில் அது 1 செகண்ட். பைனல் ஃபேண்டசியில் ஒரு அடிப்படை அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே 2.5 செகண்ட், வோர்கிராஃப்டில் பெரும்பாலும் 1.5. கில்ட் வோர்ஸில் அடி வரும் கணத்தில் உருண்டு தப்ப வேண்டும். கடிகாரம் மெதுவான கேம் 200 பிங்கை விழுங்கிவிடும், வேகமானது உங்கள் முகத்தில் துப்பும்.

இனி அல்பியன். 2017 ஜூலையில் வந்தது, 2019இல் இலவசமானது, 2021 ஜூனில் போனுக்கு வந்தது. நமக்கு வேண்டிய திகதி 2023 மார்ச்: அப்போதுதான் சிங்கப்பூரில் கிழக்குச் சேர்வர் திறந்தது. அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என்று மூன்று தனி உலகங்கள். ஒன்றில் வளர்த்த பாத்திரம் மற்றொன்றுக்குப் போகாது. நாலு பேரில் ஒருவர் கவனிக்காமல் வேறு சேர்வரில் தொடங்கிவிட்டால் அந்த உழைப்பு அவ்வளவும் அங்கேயே கிடக்கும். பாத்திரத்தை உருவாக்கும் முன் சேர்வர் பெயரைப் பார்ப்பது அதனால்தான் முதல் வேலை.

அதில் போர்வீரன், மந்திரவாதி என்று பிறவி வகுப்பு இல்லை. எதை உடுத்துகிறீர்களோ அதுதான் நீங்கள். கோடரி எடுத்தால் கோடரிக்காரன், நாளைக்கு வில் எடுத்தால் வில்லாளி. விற்பனைக்கு இருப்பதில் ஏறக்குறைய எல்லாமே ஆட்டக்காரர் கையால் செய்தது. ஐந்து அரச நகரங்களுக்கும் தனித்தனிச் சந்தை, தனித்தனிச் சலுகை: போர்ட் ஸ்டெர்லிங்கில் மரம், லிம்ஹர்ஸ்டில் நார், பிரிட்ஜ்வோச்சில் கல், மார்ட்லொக்கில் தோல், தெட்ஃபர்டில் உலோகத்தாது பதப்படுத்தினால் கூடுதலாகக் கிடைக்கும். அறுவடை நேரம் அம்பாறையில் நெல் விலை விழ, வேறு ஊரில் அதே நெல் விலைபோவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு நகரத்தில் மலிவாக வாங்கி இன்னொன்றில் விற்பதே ஒரு முழுநேரத் தொழில். வழியில் கொள்ளை உண்டு என்பதுதான் சிக்கல்.

நீல வலயத்தில் பயமில்லை. மஞ்சளில் மற்ற ஆட்டக்காரர் வீழ்த்துவார்கள், ஆனால் பொருள் போகாது; உடைமை தேய்வதோடு சரி. சிவப்பிலும் கறுப்பிலும் செத்தால் உடுத்திருந்ததும் மூட்டையும் அவ்வளவும் போய்விடும். ஒரு பகுதி உடைந்து அழியும், மிச்சத்தைக் கொன்றவர் எடுப்பார். புதியவர்கள் இதில் கேமை விட்டு ஓடும் காரணம் ஒன்றேதான்: இருக்கிற காசையெல்லாம் போட்டு ஒரே ஒரு நல்ல செட் வாங்கி, அதை உடுத்துக்கொண்டு சிவப்புக்குள் போவது. ஐந்து தரம் தொலைத்தாலும் மறுபடி வாங்கக்கூடிய செட்டைத்தான் வெளியே உடுத்த வேண்டும். நாலாம் தர ஆயுதமும் கவசமும் ஐந்து செட் வங்கியில் கிடக்கும்வரை மஞ்சளைத் தாண்டாதீர்கள். போனில் ஆடுபவர் சண்டையில் பிசிக்காரரை விட ஒரு படி கீழேதான் இருப்பார், விரல் திரையை மறைக்கும். அவர்களுக்குச் சேகரிப்பு, பதப்படுத்தல், சந்தை வேலை, பிசிக்காரருக்குக் காவல். நாலு பேருக்கு இது நல்ல பங்கீடு. தோற்றால் கோபம் அடங்காதவர், பொருள் போனால் இரவு நித்திரை வராதவர் இந்தக் கேமைத் தொடாமல் இருப்பது வீட்டுக்கே நல்லது.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் வேறு குணம். 2007 ஓகஸ்ட் மாதத்துப் பிரதி ஒன்றை எடுத்து 2013 பெப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். 2018 ஒக்டோபரில் போனுக்கு வந்தது. பார்வைக்குப் பழைய சாமான்தான். ஆனால் எந்த லெப்டொப்பிலும் ஓடும், தரவிறக்கம் சிறியது, 4ஜி இடையில் திணறினாலும் 0.6 செகண்ட் கடிகாரம் பாதியைத் தாங்கிக்கொள்ளும். இதன் சேர்வர்களை உலகம் என்பார்கள், உலகப் பட்டியலில் நாட்டுக் கொடி இருக்கும். பிசியில் கேமைத் திறக்கும் ரூன்லைட் என்ற கிளையன்டில் ஒவ்வொரு உலகத்துக்கும் பிங் எண்ணே தெரியும், குறைந்ததை எடுங்கள். அல்பியனைப் போல் அல்ல, எந்த உலகத்துக்கும் உங்கள் பாத்திரம் வரும்.

இது பொறுமைசாலிகளின் கேம். ஒரு திறனில் 99ஆம் லெவலுக்கு 13,034,431 அனுபவப் புள்ளி வேண்டும். அதில் பாதி முடியும் இடம் 92. ஐம்பதோ அறுபதோ அல்ல, தொண்ணூற்றிரண்டு! மீன் பிடித்துக்கொண்டே பாடம் படிக்கலாம், கடையில் இருந்தபடி மரம் வெட்டலாம். குவெஸ்ட்கள் (கதையோடு வரும் பணிகள்) எழுத்தும் நகைச்சுவையும் நன்றாக அமைந்தவை. "பத்து ஓநாய் கொன்று வா" என்கிற ரகம் குறைவு. இலவசப் பகுதியில் டிராகன் ஸ்லேயர் வரை போகலாம், அதற்கு 32 குவெஸ்ட் புள்ளி தேவை. முடித்தால்தான் ரூன் மார்புக்கவசம் உடுத்த முடியும். நாலு பேரும் அதை ஒரு இலக்காக வைத்தால் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு நல்ல சாப்பாடு. அதன் பிறகு சந்தா தேவைப்படும். உலக வரைபடத்தின் பெரும்பகுதி சந்தாக்காரருக்கே. கேமுக்குள் சேர்த்த தங்கத்தால் பொண்ட் (சந்தாவாக மாற்றக்கூடிய கேம் பொருள்) வாங்கிச் சந்தாவை ஓட்டலாம் என்பார்கள். முடியும்தான், ஆனால் இலவசப் பகுதியில் இருந்துகொண்டு அவ்வளவு தங்கம் சேர்ப்பது உப்புக் காய்ச்சிக் கல்வீடு கட்டுகிற வேலை.

ரூன்ஸ்கேப்பில் ஆபத்து அரக்கர்கள் அல்ல, ஆட்கள். கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தையின் வாசலில் "உன் தங்கத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்பவர் நூற்றுக்கு நூறு திருடர். "வடக்கே ஒரு இடம் காட்டுகிறேன், நல்ல கவசத்தோடு வா" என்றால் அது ஆட்டக்காரர் ஒருவரையொருவர் கொல்லும் வில்டர்னஸுக்குள் இழுக்கும் தூண்டில். அங்கே நீங்கள் யாரையும் முதலில் அடிக்காதவராயின் செத்தால் மூன்று பொருள்தான் மிஞ்சும். வங்கிக்கு பின் நம்பரும் கணக்குக்கு ஒதென்டிகேட்டரும் (போனில் மாறி மாறி வரும் குறியீடு) முதல் நாளே போட்டுவிடுங்கள்.

பைனல் ஃபேண்டசி 14 கேமிங் பிசி இருக்கும் அந்த ஒருவருக்கு. 2010இல் வந்த முதல் வடிவம் தோற்றுப்போய், 2013 ஓகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்த கேம் இது. இன்று இந்த வகையில் இலவசமாகக் கிடைப்பவற்றில் இதைப்போல் அள்ளிக் கொடுப்பது வேறில்லை: முதல் கேமும் இரண்டு விரிவாக்கங்களும் (பின்னால் வந்த கூடுதல் பகுதிகள்), 70ஆம் லெவல் வரை, நாள் கணக்கில்லை. ஒரே பாத்திரத்தில் எல்லாத் தொழிலும் கற்கலாம். பிரதான கதையைத் தாண்டாமல் எந்தக் கதவும் திறக்காது, கதை முழுக்க நீண்ட ஆங்கில உரையாடல். வாசிக்கப் பிடித்தவருக்கு விருந்து. உரையாடலைத் தட்டித் தட்டிக் கடப்பவருக்கு முதல் ஐம்பது லெவலும் தண்டனை.

இலவசக் கணக்கின் தடைகளை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கில் (கேம் காசு) 300,000க்கு மேல் கையில் நிற்காது, சந்தைப் பலகை இல்லை, ஆட்டக்காரர் சங்கமான ஃப்ரீ கம்பனியில் சேர முடியாது, தானாகப் பார்ட்டி (குழு) தொடங்க முடியாது. யாரும் அழைத்தால் சேரலாம். குழுவாகப் போய் அரக்கர்களை அடிக்கும் டஞ்சனுக்கு நாலு பேர் என்பது (அடி தாங்கும் டாங்க் ஒருவர், குணமாக்கும் ஹீலர் ஒருவர், அடிப்பவர் இருவர்) உங்கள் கூட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். மற்ற மூவருக்கும் பின்னொரு நாள் பிசி வந்தால், நால்வரில் ஒருவராவது முழுக் கேமை வாங்கியிருந்தால்தான் அவர் பார்ட்டி தொடங்கி மற்றவர்களை அழைக்கலாம். ஆனால் வாங்கிய கணக்கை மறுபடி இலவசமாக்க முடியாது. சந்தா முடிந்த நாளில் உள்ளேயே போக முடியாது. ஸ்டீம் என்ற ஒன்லைன் கேம் கடையில் "தள்ளுபடி, ஸ்டார்டர் எடிஷன் மலிவுதானே" என்று வாங்கி, மாதம் முடிந்ததும் கதவடைபட்டு நிற்பவர்கள் ஏராளம். ஸ்டீமில் வாங்கினால் விரிவாக்கங்களையும் ஸ்டீமிலேயே வாங்க வேண்டும் என்ற கட்டும் உண்டு.

சேர்வருக்கு இரண்டு தெரிவு: ஜப்பான், அல்லது 2022 ஜனவரியில் ஓசியானியாவுக்குத் திறந்த மெட்டீரியா. ஜப்பானின் எலிமென்டல் டேட்டா சென்டரில் டொன்பெரி என்ற உலகம் தென்கிழக்காசிய ஆங்கிலக் கூட்டத்துக்குப் பேர் போனது. பிங் கூடினால் தொழிலைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். நிஞ்சாவின் முத்திரைகளும் மெஷினிஸ்டின் ஹைப்பர்சார்ஜும் தூர இணைப்பில் அடி தவறும். சம்மனர், வைட் மேஜ் நிம்மதி. எதிரியின் அடி விழுமா விழாதா என்பது வெடிப்பு தெரியும்போது அல்ல, எதிரி அடியைத் தயாரிப்பதைக் காட்டும் காஸ்ட் பட்டை நிரம்பும்போதே முடிவாகிவிடுகிறது. ஆகவே பட்டை முடியும் முன்பே செம்மஞ்சள் வட்டத்தை விட்டு வெளியே நில்லுங்கள். "நான் வெளியேதானே நின்றேன்" என்ற புலம்பலில் பாதி இதனால் வருவது. இன்னொன்று, தினசரி ரூலெட் (ஏதாவதொரு டஞ்சனில் சேர்த்துவிட்டு நாளுக்கொரு பரிசு தருவது) கிரீன்விச் நேரம் 15:00க்குப் புதுப்பிக்கப்படும். நமக்கு அது இரவு 8:30. எட்டு மணிக்கு உள்ளே போய் ஒன்றை முடித்தால், அரை மணியில் அடுத்த நாளின் பரிசும் கைக்கு வரும்.

லெப்டொப்காரர் தனியாக ஏதாவது ஆட விரும்பினால் கில்ட் வோர்ஸ் 2. 2012 ஓகஸ்டில் வந்தது, 2015இலிருந்து அடிப்படைக் கேம் இலவசம், சந்தா கிடையவே கிடையாது. உச்ச லெவல் அன்றும் 80, இன்றும் 80. பரீட்சைக்காக ஆறு மாதம் விட்டுவிட்டு வந்தாலும் கவசம் பழசாகாது. ஏ லெவல் படிப்பவருக்கும் நைட் டியூட்டி செய்பவருக்கும் இதைவிட ஏற்ற கேம் இல்லை என்பது என் முடிவு. நேரம் தெரிந்தால் அட்டவணைப்படி வரும் பெரிய உலக அரக்கர்களுக்குப் போய் ஐம்பது பேரோடு அடித்துவிட்டு இருபது நிமிடத்தில் வெளியேறலாம். யாரையும் காத்திருக்க வைக்கத் தேவையில்லை. அந்தக் கூட்டத்தில் லெப்டொப் மூச்சு முட்டும்: கிராபிக்ஸ் அமைப்பில் கரெக்டர் மொடல் லிமிட், கரெக்டர் மொடல் குவாலிட்டி இரண்டையும் ஆகக் குறைத்து, நிழலை அணைத்துவிடுங்கள். மற்றவற்றைத் தொடாமலே வித்தியாசம் தெரியும். சேர்வர் வட அமெரிக்கா, ஐரோப்பா மட்டும். ஐரோப்பாவை எடுங்கள், நமது எட்டு மணி அங்கே மாலை மூன்றரை, கோடையில் நாலரை. உருள்வதை அடி வரும் கணத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலே செய்யப் பழக வேண்டும். ஏதாவதொரு விரிவாக்கம் வாங்கினால் இலவசக் கணக்கின் தடைகள் நீங்கும். மவுண்ட்களுக்காக (ஏறிப் போகும் விலங்குகள்) வாங்குவதென்றால் பாத் ஒஃப் ஃபயர்தான் முதலில். ஸ்டீமில் தொடங்கிய கணக்கும் நிறுவனத்தின் தளத்தில் தொடங்கிய கணக்கும் ஒன்றுசேராது என்பதை மறக்க வேண்டாம்.

வோர்கிராஃப்டைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. 2004இலிருந்து ஓடுகிறது. ரெய்டும் (பெரிய கூட்டமாகப் போகும் டஞ்சன்) நேரக்கணக்கு டஞ்சனும் இதைப்போல் வேறெவரும் செய்யவில்லை. ஆனால் சந்தா மாதம் 14.99 டொலர், டொலர் 300 ரூபாய் என்றாலே 4,500 ரூபாய், வங்கிக் கட்டணம் வேறு. உங்கள் கணக்கில் மூன்று மடங்கு. 20ஆம் லெவல் வரை இலவசம். அது ருசி பார்க்க மட்டும், கில்டில் (ஆட்டக்காரர் சங்கம்) சேரவும் முடியாது. இதன் உயிர் கில்ட் ரெய்டில் இருக்கிறது. ஐரோப்பிய கில்ட் இரவு எட்டுக்கு ரெய்ட் தொடங்கினால் நமக்கு நள்ளிரவு 12:30, கோடையில் 11:30. சிட்னி சேர்வரிலோ நம் எட்டு மணிக்கு அவர்களுக்கு நள்ளிரவு தாண்டிவிடும். காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறவர் இதைத் தொடர முடியாது. தூரத்தால் அடி தாமதமாகிறதே என்று கவலைப்படுபவர்கள் அடுத்த அடியை எவ்வளவு முன்பே அழுத்தி வைக்கலாம் என்று சொல்லும் ஸ்பெல் கியூ விண்டோ என்ற அமைப்பைக் குறைக்கச் சொல்வார்கள். 200 பிங்கில் அதை இயல்பான 400இலேயே விடுங்கள். குறைத்தால் அடிகளுக்கு நடுவே இடைவெளிதான் கூடும்.

கேட்காதவையும் சில. ஈவ் ஒன்லைன், கணக்குப் பிள்ளை மனம் உள்ளவருக்கு. சீனாவைத் தவிர எல்லோரும் லண்டனில் ஒரே சேர்வரில். ஒரு செகண்ட் கடிகாரம் என்பதால் பிங் உறைக்காது, திறன்கள் நீங்கள் தூங்கும்போதும் வளரும். தினமும் மாலை 4:30க்குச் சேர்வர் பராமரிப்பு, அது நம் எட்டு மணிக்கு இடைஞ்சல் இல்லை. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஒன்லைன், தனியே ஊர் சுற்றிக் கதை கேட்க விரும்புபவருக்கு. கூட்டச் சண்டைக்கு வேண்டாம். பிளக் டெசர்ட் பார்க்க அழகு. ஆனால் ஆயுதத்தை மேம்படுத்துவது சூதாட்டத்துக்குச் சகோதரம். கையை அடக்க முடியாதவர் தள்ளி நிற்க வேண்டும். நியூ வேர்ல்டுக்குப் புதிய உள்ளடக்கம் இனி இல்லை என்று 2025 ஒக்டோபரில் அறிவித்துவிட்டார்கள். இப்போது தொடங்குவதில் பொருளில்லை.

இனி இன்டர்நெட் லைன். ஆடும்போது இந்தக் கேம்கள் எதுவும் டேட்டாவைக் குடிப்பதில்லை. ஆடும்போது பேசிக்கொள்ள உதவும் டிஸ்கோர்டில் 64 கிலோபிட் குரல் ஒரு மணிக்கு 29 எம்பி அளவில்தான். டேட்டாவைத் தின்பது தரவிறக்கம்: பைனல் ஃபேண்டசி 140 ஜிபி இடம் கேட்கிறது, வோர்கிராஃப்ட் 128. பைபர் வீட்டில் இறக்கி, வெளி ஹார்ட் டிஸ்கில் கோப்புறையைப் பிரதி செய்து மற்றவர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். புதிய இடத்தில் லோஞ்சர் சரிபார்த்து, குறைந்ததை மட்டும் இறக்கும். நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா தரும் பக்கேஜ் என்றால் ஸ்டீமின் டவுன்லோட் அமைப்பில் புதுப்பிப்பு நேரத்தை அந்த மணிகளுக்குள் கட்டிவிடலாம்.

4ஜி வீட்டாருக்கு எட்டு மணி மோசமான நேரம், ஊரே போனில் இருக்கும். பிங் சராசரி பார்த்து ஏமாறாதீர்கள். நூறு தரம் பிங் போட்டு, ஆகக் கூடியதும் தொலைந்த பக்கெட்டும் (வழியில் காணாமல் போன டேட்டாத் துண்டு) எத்தனை என்று பாருங்கள். நிலையான 180, ஒருதரம் 60 ஒருதரம் 400 என்று துள்ளுவதை விட நல்லது. ரவுட்டரை டவர் பக்க ஜன்னலில் வைத்து லெப்டொப்புக்கு லேன் வயர் போட்டாலே துள்ளல் பாதி அடங்கும். காசு கொடுத்து வாங்கும் கேமிங் விபிஎன் (இணையப் பாதையை மாற்றித் தரும் சேவை), பாதை சுற்றிப் போகும் இடத்தில் மட்டும் உதவும். டவரில் உள்ள நெரிசலுக்கு அது மருந்தல்ல. மாரி தொடங்கி கரண்ட் போய்வரும் மாதங்களில் பைபர் வீட்டில் ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்கும்போது, அடப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் அம்பியரும் பார்த்து வாங்குங்கள். சுவரில் பைபர் வந்து சேரும் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் மின் வேண்டும்; ரவுட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்து பயனில்லை.

1,500 ரூபாயைப் பொறுத்தவரை, முதல் இரண்டு மாதம் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். அல்பியன் கிழக்கில் நால்வரும் ஒரு மாதம், ரூன்ஸ்கேப் இலவச உலகத்தில் ஒரு மாதம். அதற்குப் பிறகும் நாலு பேரும் எட்டு மணிக்கு வந்து நிற்கும் கேமுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். ஸ்டீம் தெற்காசியாவுக்கென்று தனி டொலர் விலை வைத்திருப்பதால் அங்கே வாங்கும் விலை சில கேம்களுக்கு நிறுவனத் தளத்தை விடக் குறைவு, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கார்டில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்க வேண்டும். முகநூலில் "மலிவு டொப் அப்" என்று விற்பவரிடம் வாங்கினால், அவர் திருட்டுக் கார்டில் கட்டியிருந்து வங்கி அந்தப் பணத்தைத் திருப்பி எடுத்த நாளில் பூட்டப்படுவது உங்கள் கணக்குத்தான்.